உஷார்! உங்கள் லேபிலை வெளிநாட்டில் வேறொருவர் பதிந்திருக்கலாம்

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், அனுப்பப் போகிறவர்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாமல் படியுங்கள். உங்கள் லேபிலில் இருக்கும் படமும் பெயரும், சரக்கு போய் இறங்கும் நாட்டில் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியுமா? "சென்னையில ரெஜிஸ்டர் பண்ணியாச்சே" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் அலுவலகம் கொடுக்கிற சான்றிதழ் இந்திய எல்லையோடு நின்றுவிடும். தூத்துக்குடியில் கப்பல் ஏறிய பிறகு அந்தக் காகிதத்தைக் காட்டி யாரையும் தடுக்க முடியாது.

திருவேங்கடம், குருவிகுளம், கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களை நினைத்துத்தான் முதலில் எழுதுகிறேன். மழை பொய்க்கும் கரிசல் காட்டில் நம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தத் தொழில். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியது, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி நம் ஊர் வரைக்கும் வந்தது. ஒரு ரூபாய்க்கு 14 வருஷம் விற்ற பெட்டி 2021 டிசம்பர் 1இல்தான் இரண்டு ரூபாய் ஆனது. மலிவு விலை லைட்டர் உள்ளூர் விற்பனையை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூனில் தடை போட்டது. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி என்று கட்டி, சில்லறைக் காசு லாபத்தில் ஓடுகிற தொழில் இது. ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போகிற கண்டெய்னர்தான் பலரைத் தூக்கி நிறுத்துகிறது. அதில் ஒரே ஒரு கண்டெய்னர் அந்த ஊர்த் துறைமுகத்தில் முடங்கினாலும் சின்ன ஆபீஸ் அந்த வருஷம் எழுந்திருக்காது.

எப்படி முடங்கும்? இப்படித்தான்.

நீங்கள் சொந்தமாக ஒரு லேபில் வைத்திருக்கிறீர்கள். கிளி, யானை, மூன்று நட்சத்திரம், ஏதோ ஒன்று. அங்கே ஒரு பார்ட்டி உங்கள் சரக்கை எடுத்து விற்கிறார். முதல் வருஷம் ஒரு கண்டெய்னர், அடுத்த வருஷம் மூன்று. அந்த ஊர்க் கடைகளில் "அந்தக் கிளிப் பெட்டி கொடு" என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்ததும் பார்ட்டியிடமிருந்து போன் வரும். "அண்ணாச்சி, இங்க லோகோவைப் பதியாம விட்டா எவனாவது காப்பி அடிச்சிருவான். நீங்க எதுக்கு அலையணும்? நானே பதிஞ்சுடறேன், உங்களுக்குச் செலவே கிடையாது." கேட்க நன்றாகத்தான் இருக்கும். சிலர் நிஜமான அக்கறையில்கூடச் சொல்வார்கள். ஆனால் விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் எழுதப்படுவது அவர் பெயர். அந்த நிமிஷத்திலிருந்து அந்த நாட்டில் கிளி அவருடையது.

அதன் பிறகு விலையில் ஒரு பேச்சு வரும், சரக்குத் தாமதம் என்று ஒரு மனத்தாங்கல் வரும். அவர் அதே லேபிலை வேறொரு ஆபீஸில் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்வார். நீங்கள் வேறு ஏஜெண்ட் பிடித்து அதே ஊருக்குச் சரக்கு அனுப்பினால், போலிச் சரக்கு வருகிறது என்று அங்குள்ள கஸ்டம்ஸில் அவர் புகார் கொடுக்கலாம். பதிவு பெற்றவர் கேட்டால் போலி முத்திரைச் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க வழி இருக்கவேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்திலேயே உள்ள விதி. உங்கள் ஆபீஸில் மருந்து முக்கி, உங்கள் ஜனங்கள் லேபில் ஒட்டிய பெட்டி, அங்கே காகிதப்படி போலி. துறைமுகத்தில் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

அந்த நாட்டுச் சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்பீர்கள். உலகில் நிறைய நாடுகளில், யார் முதலில் உபயோகித்தார் என்பதைவிட யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதுதான் பெரிது. சீனா அப்படி. பெரும்பாலும் பிரெஞ்சு பேசுகிற 17 ஆப்பிரிக்க நாடுகள் கேமரூனின் யவுண்டேயைத் தலைமையிடமாக வைத்து ஓ.ஏ.பி.ஐ. என்ற ஒரே அலுவலகம் நடத்துகின்றன. அங்கேயும் முந்தினவருக்கே உரிமை. அங்கே ஒரு விண்ணப்பம் போட்டால் செனகல், ஐவரி கோஸ்ட், மாலி, நைஜர், டோகோ, பெனின், காபோன் என்று பதினேழுக்கும் சேர்த்து உரிமை கிடைக்கும். உங்கள் பார்ட்டி ஒரே ஒரு காகிதத்தில் 17 நாடுகளை உங்களுக்கு மூடிவிடலாம் என்று இதைத் திருப்பிப் படியுங்கள்.

ஆப்பிள் கம்பெனிக்கே இது நடந்தது. 'ஐபேட்' என்ற பெயர் சீனாவில் புரோவியூ என்ற கம்பெனியின் பெயரில் பதிவாகிக் கிடந்தது. பெயரை வாங்கிவிட்டோம் என்று ஆப்பிள் நம்பியது. அங்குள்ள நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012இல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் அந்தப் பெயரை மீட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பர்கர் கிங் கடைகள் இன்றைக்கும் 'ஹங்ரி ஜாக்ஸ்' என்ற பெயரில் நடப்பதும் இதே காரணத்தால்தான். 1971இல் அவர்கள் போனபோது அந்தப் பெயர் அங்கே வேறொருவர் வசம் இருந்தது.

நம் நாட்டுக் கம்பெனி ஒன்று பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். டெல்லி மௌரியா ஹோட்டலில் ஐ.டி.சி. 1977 முதல் நடத்தும் 'புகாரா' உணவகம் உலகப் பேர் பெற்றது. அதே பெயரில் 1986இல் நியூயார்க்கில் ஒரு கடை திறந்தார்கள், அடுத்த வருஷம் சிகாகோவில் இன்னொன்று. 1987 அக்டோபரில் அமெரிக்காவில் பெயரைப் பதிந்தும்விட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. ஆனால் நியூயார்க் கடையை 1991இல் மூடினார்கள். சிகாகோ கடையுடனான ஒப்பந்தமும் 1997இல் முடிந்தது. 1999இல் நியூயார்க்கில் 'புகாரா கிரில்' என்று ஒரு கடை முளைத்தது. நடத்தியவர்களில் பலர் முன்பு நியூயார்க் அல்லது டெல்லி புகாராவில் வேலை பார்த்தவர்கள். பெயர் மட்டுமல்ல, லோகோ, அலங்காரம், பணியாளர் உடை, மரப்பலகையில் எழுதிய மெனு, சாப்பிடுகிறவர் கழுத்தில் கட்டும் சிவப்புக் கட்டம் போட்ட துணி வரைக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று ஐ.டி.சி. சொன்னது. 2003இல் வழக்குப் போட்டது.

தோற்றது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு டிரேட்மார்க்கைத் தொடர்ந்து மூன்று வருஷம் உபயோகிக்காவிட்டால், கைவிட்டதாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். மறுபடி தொடங்கும் எண்ணம் இருந்தது என்று உரியவர்தான் நிரூபிக்கவேண்டும். ஐ.டி.சி.யால் அது முடியவில்லை. டெல்லியில் எவ்வளவு புகழ் இருந்தாலும் அமெரிக்காவில் அதற்காகத் தனி உரிமை கிடையாது என்று 2007 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நியூயார்க் மாநிலச் சட்டப்படி ஏதாவது வழி உண்டா என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார்கள். நியூயார்க்கில் சாப்பிட வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் டெல்லிக் கடையைத்தான் நினைக்கிறார்கள் என்று காட்டவேண்டும் என்று அது பதில் சொன்னது. அதையும் ஐ.டி.சி.யால் காட்ட முடியவில்லை. இத்தனை பெரிய கம்பெனி, இத்தனை வக்கீல்கள், கையில் ஒரு காலத்துப் பதிவுச் சான்றிதழும் இருந்தது. திருவேங்கடத்தில் நாற்பது பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறவர் நியூயார்க்கிலோ நைரோபியிலோ போய் எத்தனை வருஷம் வாதாட முடியும்?

இதில் நம் நீதிமன்றங்களும் வேறு மாதிரி இல்லை. ஜப்பானில் 1997இல் 'பிரியஸ்' காரை வெளியிட்ட டொயோட்டா, இந்தியாவில் 2001 முதல் அதே பெயரில் உதிரி பாகம் விற்ற டெல்லிக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2017 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் டொயோட்டாவின் கோரிக்கையை ஏற்கவில்லை. உலகம் முழுக்கப் பேர் இருந்தால் போதாது, அந்தக் காலத்தில் இந்தியச் சந்தையில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்ததைக் காட்டவேண்டும் என்றது. இந்தியாவுக்கு வெளியே நமக்கும் இதே அளவுகோல்தான்.

முன்கூட்டியே பதிந்து வைத்தவருக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். கனடாவில் சிலர் 'அமுல் கனடா' என்று லிங்க்ட்இன் பக்கம் தொடங்கி அமுல் லோகோவை அப்படியே போட்டு வியாபாரம் போலக் காட்டினார்கள். அமுல் முத்திரைக்கு உரிமையுள்ள குஜராத் கேடா மாவட்டப் பால் கூட்டுறவுச் சங்கம் அங்கே ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது. வழக்குப் போட்டது. 2021இல் கனடா ஃபெடரல் நீதிமன்றம் தடை விதித்து, நஷ்ட ஈடும் செலவுமாக 32,733 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. பாலை ஊற்றிய விவசாயிகளின் சங்கம் அது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாததல்ல.

அந்தத் தீர்ப்பில் டிரேட்மார்க்குக்குத் தனியாக, காப்பிரைட்டுக்குத் தனியாக நஷ்ட ஈடு இருந்தது. லோகோ என்பது ஒரு ஓவியமும்கூட. பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் ஓவியத்துக்கான காப்பிரைட் எந்தப் பதிவும் இல்லாமலே செல்லும். பதிவை விட்டுவிட்டவருக்கும் கையில் மிச்சமிருக்கிற ஒரு பிடி இதுதான். ஆனால் உங்கள் கிளியை வரைந்தது யார்? சிவகாசி ஆஃப்செட் பிரஸ்ஸில் ஓர் ஆர்ட்டிஸ்ட் என்றால், உரிமையை உங்களுக்கு மாற்றிக் கொடுத்ததாக அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறதா? காசு கொடுத்து வரைய வைத்தோம், அதனால் நமக்குத்தான் என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே எழுதி வாங்குங்கள். முதன்முதலில் அடித்த லேபில், பிரஸ் பில், தேதி போட்ட இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வையுங்கள். சண்டை வந்தால் தேதிதான் பேசும்.

இன்னொரு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. பார்ட்டி தானே ஒரு லேபிலை அனுப்பி, "இதை ஒட்டி அனுப்புங்க" என்கிறார். நம் ஆபீஸ்களில் இது ரொம்ப சகஜம். அந்த லேபில் அவருடையதுதானா என்று கேட்டீர்களா? அங்கே நன்றாக ஓடுகிற வேறொருவர் பிராண்டாக இருந்தால், போலி அடித்தவர் நீங்கள். ஏற்றுமதிக்கு மட்டும்தானே, இந்தியாவில் விற்கவில்லையே என்று தப்ப முடியாது. ஏற்றுமதிச் சரக்கில் இங்கே முத்திரை போட்டாலே அது இந்தியாவில் உபயோகித்ததாகக் கருதப்படும் என்று 1999ஆம் வருஷ டிரேட்மார்க் சட்டத்தின் 56ஆவது பிரிவு சொல்கிறது. பதிவுச் சான்றிதழ் நகலைக் கேளுங்கள், அதிலுள்ள எண்ணைத் தேடிச் சரிபாருங்கள். சான்றிதழ் தர மறுக்கிற பார்ட்டியின் ஆர்டரை எடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

கடலை மிட்டாய்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அதுவும் இந்தியச் சட்டத்தின் கீழ்தான். இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற டார்ஜிலிங் தேயிலையின் கதையைக் கேளுங்கள். பிரான்ஸில் பெண்கள் உள்ளாடை விற்கும் ஒரு கம்பெனி 'டார்ஜிலிங்' என்ற பெயரை ஐரோப்பிய டிரேட்மார்க்காகப் பதியக் கேட்டது. இந்தியத் தேயிலை வாரியம் எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனது. 2017 செப்டம்பரில் வாரியத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது. ஊர்ப் பெயருக்கு ஒரு குறியீடு இருக்கட்டும், உங்கள் பாக்கெட்டில் இருக்கும் லோகோவை நீங்கள் தனியாகக் காப்பாற்றித்தான் ஆகவேண்டும். இலங்கைத் தேயிலை வாரியம் வாளேந்திய சிங்கம் லோகோவை வெளிநாடுகளில் பதிந்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

சரி, செய்யவேண்டியது என்ன? முதல் கண்டெய்னர் கிளம்புமுன், முடிந்தால் பார்ட்டிக்கு சாம்பிள் அனுப்புமுன், விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் இந்தியாவில் போடுங்கள். டிரேட்மார்க் வகைப்பாட்டில் தீப்பெட்டி 34ஆம் வகுப்பு, பட்டாசு 13, மிட்டாயும் மிளகாய்ப் பொடியும் 30. தனிநபரும் சிறு தொழில்களும் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இங்கே போட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், பாரிஸ் ஒப்பந்த நாடுகளில் அந்த இந்தியத் தேதியே உங்கள் தேதியாகக் கணக்கில் வரும். இடையில் வேறொருவர் அங்கே புகுந்திருந்தாலும் நீங்கள்தான் முந்தினவர். இந்த ஆறு மாதம் அத்தனை பெறுமதி. அதைத் தெரியாமலே கழியவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக ஓடவேண்டும் என்றும் இல்லை. 2013 ஜூலை 8 முதல் இந்தியா மாட்ரிட் ஏற்பாட்டில் உறுப்பினர். இங்கிருந்தே ஒரு விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிக்கலாம். இந்திய அலுவலகத்துக்கு 5,000 ரூபாய், ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்குக் கறுப்பு வெள்ளை லோகோ என்றால் 653 சுவிஸ் பிராங்க், கலர் என்றால் 903. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம் இதற்கு மேல். கென்யா, கானா, அந்த 17 நாட்டு ஓ.ஏ.பி.ஐ., சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இதில் உண்டு. நைஜீரியா, தென்னாப்பிரிக்கா மாதிரி இதில் சேராத சந்தைகளுக்கு அந்த நாட்டு வக்கீல் வழியாக நேரே போடவேண்டும். எந்த நாடு உள்ளே, எந்த நாடு வெளியே என்ற பட்டியலை விண்ணப்பிக்கும் நாளில் மறுபடி சரிபாருங்கள். மாட்ரிட்டில் ஒரு கண்ணியும் உண்டு. முதல் ஐந்து வருஷம் அது உங்கள் இந்தியப் பதிவைப் பிடித்துத்தான் நிற்கும். இங்கே அது அடிபட்டால் எல்லா நாட்டிலும் சேர்ந்து சரியும். வேறொருவர் லேபிலை லேசாக மாற்றி வரைந்ததை இந்தியாவில் போட்டுவிட்டு, அதை நம்பி பத்து நாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அரபு நாடுகளுக்கு அனுப்புகிறவர்கள் பெயரை அரபி எழுத்திலும் சேர்த்துப் பதிவது நல்லது. கடையில் ஜனங்கள் படிப்பது அந்த எழுத்தைத்தான். வட்டத்துக்குள் ஆர் போட்ட முத்திரையைப் பதிவில்லாத நாட்டுக்குப் போகும் பெட்டியில் அச்சடிக்காதீர்கள். பிரிட்டன் போன்ற இடங்களில் அதுவே குற்றம்.

பார்ட்டியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். லோகோ எங்களுடையது, எங்கள் சம்மதமில்லாமல் உங்கள் பெயரில் பதியக்கூடாது, பதிந்திருந்தால் எங்கள் பெயருக்கு மாற்றித் தரவேண்டும், வியாபாரம் முடிந்தால் லோகோ உபயோகமும் முடியவேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். ஏஜெண்ட் தன் பெயரில் பதிந்துகொண்டால் உரியவர் எதிர்க்கவும் ரத்து கேட்கவும் பாரிஸ் ஒப்பந்தத்தில் 1958இல் சேர்த்த ஒரு பிரிவு வழி தருகிறது. ஆனால் அவர் உங்கள் ஏஜெண்டாக இருந்தார் என்பதை நீங்கள் காட்டவேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது பெரும்பாடு.

ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் இன்று ராத்திரியே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்து ஒரு தேடல் தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைப் போட்டும் தேடலாம், லோகோ படத்தைப் போட்டும் தேடலாம். உங்கள் பார்ட்டியின் பெயரையும் போட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் கிளி இன்னும் விண்ணப்ப நிலையில் இருந்தால் நேரம் இருக்கிறது. எதிர்ப்புத் தெரிவிக்க, விளம்பரமான தேதியிலிருந்து அமெரிக்காவில் 30 நாள், ஐரோப்பிய ஒன்றியத்திலும் சீனாவிலும் மூன்று மாதம், இந்தியாவில் நான்கு மாதம். அந்தக் கெடு தாண்டிவிட்டால் அப்புறம் ரத்து வழக்குதான், செலவு பல மடங்கு.

கடைசியாக, பதிந்தவர்களைக் குறிவைக்கும் ஒரு மோசடி. விண்ணப்பம் விளம்பரமானதும் உங்கள் முகவரி எல்லோருக்கும் தெரியும். சர்வதேச டிரேட்மார்க் பதிவேடு என்று ஏதோ ஒரு பெயரில், முத்திரையும் லோகோவும் போட்டு, ஆயிரம் டாலர் கட்டு என்று பில் வரும். பணத்தை ஏதாவது ஓர் ஐரோப்பிய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும். அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். அது உங்கள் பதிவுக்கு எந்த விதத்திலும் தேவையில்லாதது. இன்னொன்று சீனாவிலிருந்து வரும் மெயில். உங்கள் பிராண்ட் பெயரில் இன்னொரு கம்பெனி இணைய முகவரி கேட்டிருக்கிறது, சில நாளுக்குள் பதில் தராவிட்டால் கொடுத்துவிடுவோம் என்று பயமுறுத்தும். பதற்றத்தில் பணம் கட்ட வைப்பதுதான் அவர்கள் வேலை. இதற்குப் பதிலே எழுதாதீர்கள். எந்தக் கட்டணமாக இருந்தாலும் உங்கள் விண்ணப்பத்தைப் போட்ட ஏஜெண்டிடமோ வக்கீலிடமோ அந்தக் காகிதத்தைக் காட்டி, அவர் சரி என்ற பிறகு மட்டும் கட்டுங்கள்.